ராத்திரிக்கு எத்தனை தட்டு

திங்கட்கிழமை முதல் பிள்ளைகளுக்குக் கணக்கு விளையாட்டுச் சொல்லித்தர வீடு வீடாகப் போகப் போகிறீர்கள். ஆளுக்கொரு பை கொடுத்திருக்கிறார்கள். பகடை, மரக்கட்டை, வண்ண அட்டை என்று பை கனமாகத்தான் இருக்கிறது. காலையிலிருந்து அதை ஆளாளுக்குத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் நாளே அந்தப் பையின் ஜிப்பைத் தொட்டீர்கள் என்று கேள்விப்பட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ரிட்டயர் ஆனவளின் கோபம் நம்மை என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஒருங்கிணைப்பாளர் இன்னமும் என் போனை முதல் ரிங்கிலேயே எடுக்கிறாள்.

பை அப்புறம். முதலில் அந்த வீட்டில் கிடக்கிற சாமான்களை வைத்து விளையாடுங்கள். துணி கிளிப், செருப்பு, வெங்காயம், டம்ளர், தட்டு. செருப்பை ஜோடி சேர்ப்பதும் கணக்குதான், வெங்காயத்தைப் பெரிசு சிறிசாக அடுக்குவதும் கணக்குதான். நாம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம். மிச்ச நாளெல்லாம் பிள்ளையோடு இருப்பது அப்பா அம்மா, அவர்கள் கைக்கு எட்டுவது அந்தச் சாமான்கள். இதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். பிள்ளை தப்பான எண்ணைச் சொன்னால் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு எனக்கு ஒரு வீட்டைப் பற்றித்தான் சொல்லத் தெரியும்.

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிற லைன் வீடுகள். வரிசையாக ஒற்றை அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, ஒரு ஜன்னல், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நடை. முன்னால் வீட்டுக்காரம்மாவின் மாடி வீடு. கடைசி அறையில் செல்வி, அவள் புருஷன் குமார், மகள் யாழினி. செல்விக்கு போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை, குமாருக்கு லாரி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில். ஒருவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் இன்னொருவருக்கு செகண்ட். வாரத்துக்கு வாரம் மாறும். பிள்ளையோடு எப்போதும் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்று அவர்களாகவே சூப்பர்வைசர்களிடம் கெஞ்சி வாங்கிய ஏற்பாடு அது.

யாழினி இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். முழு ஆண்டு விடுமுறை. இவளுக்கு எண்ணவே வரவில்லை என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குமார் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தான். லீவு முடிவதற்குள் தேறாவிட்டால் உத்திரமேரூரில் இருக்கும் தன் அக்கா வீட்டில் விட்டுவிடுவது, பள்ளியையும் அங்கேயே மாற்றிவிடுவது. செல்வி யாரிடமோ நம்பர் வாங்கி என்னைக் கூப்பிட்டதே அந்தப் பயத்தில்தான். ஆகவே, அந்தப் பிள்ளை எண்ணுவதைப் பொறுத்துத்தான் அது அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்குமா இல்லையா என்பது இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கிற பாரமா அது?

முதல் தடவை போனது ஒரு காலை வேளை. செல்விக்கு அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட், மத்தியானம்தான் பஸ். நான் கொடியிலிருந்த துணி கிளிப்பையெல்லாம் எடுத்துவரச் சொன்னேன். யாழினி நிறம் நிறமாகப் பிரித்துவைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று பிசகாமல் சொன்னாள். எண்ணத் தெரியாத பிள்ளை செய்கிற காரியம் இல்லை அது. அடுத்து, “ராத்திரி சாப்பாட்டுக்கு எத்தன தட்டு வேணுமோ எடுத்து வை, பாக்கலாம்” என்றேன்.

அலமாரிக்குப் போய் ஒரே ஒரு தட்டை எடுத்து வந்து வைத்தாள்.

செல்வியின் முகம் விழுந்துவிட்டது. “மூணு பேரு கீறோமே பாப்பா. ஒண்ண வெக்கிறியே” என்றாள். யாழினி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். போய் இன்னும் இரண்டு தட்டை எடுத்து வந்தாள். பயந்த பிள்ளைகளின் பார்வையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இது வேறு ஏதோ. என்ன என்று அன்று எனக்குப் பிடிபடவில்லை. அதனால் திருத்தப் போகாமல் அடுத்த விளையாட்டுக்கு நகர்ந்துவிட்டேன்.

அது பஸ் ஆட்டம். அவள் கம்பெனி பஸ் டிரைவர், கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் மூன்று அடி முன்னே, ரைட்டில் ஒரு திருப்பம், இரண்டு அடி பின்னே என்று சொல்லச் சொல்ல அவள் நடந்து போய் அம்மாவை ஸ்டாப்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அம்மாவின் மேல் போய் முட்டியதும் அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பு இருக்கிறதே. போகிறபோது செல்வியிடம் இதைத் தினமும் விளையாடச் சொன்னேன். ஒரு தட்டும் இரண்டு ஊதுபத்திக் குச்சியும் வைத்துக் கடிகாரம் செய்து காட்டினேன். சோறு வைக்கும்போது அரிசியையும் தண்ணீரையும் அவளையே அளந்து போடச் சொல்லுங்கள், ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் என்று பிடித்துக்கொள்வாள் என்றும் சொன்னேன்.

அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறியிருந்தது. காலையில் குமார்தான் வீட்டில் இருந்தான். தூக்கம் தெளியாத முகம், வந்தவளை உட்காரச் சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொன்னான். நான் மறுபடியும் தட்டைக் கேட்டேன். யாழினி இரண்டு தட்டு வைத்தாள்.

“பாத்தீங்களா மேடம். போன வாரம் ஒண்ணாம், இந்த வாரம் ரெண்டாம். மூணு பேர எண்ணத் தெரியாத பொண்ண வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?” என்றான். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம். தண்ணீர் கேன் எடுத்துவர வெளியே போனான்.

நான் யாழினிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எத்தனை என்று கேட்கவில்லை. ராத்திரி யார் யார் சாப்பிடுவார்கள் என்று கேட்டேன்.

“நானும் அம்மாவும். அப்பாதான் செகண்டு ஆச்சே மிஸ்.”

“அப்போ போன வாரம்?”

“போன வாரம் அம்மா செகண்டு. அப்பாக்கு ஓ.டி. நான் மட்டும்தான் சாப்ட்டேன்” என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவாளாம், யாரிடமும் சொல்லக் கூடாதென்றும் சொல்லியிருந்தாளாம்.

பள்ளியில் எப்படியோ, அந்த வீட்டில் பிள்ளை தப்பாகவே எண்ணவில்லை. அன்றன்றைக்கு யார் சாப்பிடுவார்களோ அத்தனை தட்டு. அந்தச் சரியான விடைக்கு அர்த்தம், மத்தியானத்திலிருந்து இருட்டும் வரை பூட்டிய அறைக்குள் ஒரு ஏழு வயதுப் பிள்ளை தனியாக இருக்கிறது என்பது. நாம் கணக்கு விளையாடப் போன இடத்தில் இது வந்து மடியில் விழுகிறது.

குமார் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அங்கே என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பாருங்கள். நான் அவனிடம் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் அவன் அடுத்த கேள்வி பிள்ளையிடம்தான், ஏன் சொன்னாய் என்று. அதற்கப்புறம் அது யாரிடமும் வாயைத் திறக்காது. ஆனால் வெளியே வந்ததும் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டேன். இதைத் தனியாகச் சுமக்காதீர்கள், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றாள் அவள். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன் என்றேன் நான்.

மறு திங்கள் காலை செல்வியிடம் பேசினேன். மறுக்கவில்லை. குமார் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து நாலு மணி வாக்கில் வந்துவிடுவான், இடைவெளி கொஞ்ச நேரம்தான் என்று நினைத்துத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் ஓ.டி. உண்டா இல்லையா என்பதை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில்தான் சொல்வார்கள். கான்ட்ராக்ட் ஆள் முடியாது என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி வைக்கலாமே என்றேன்.

“வேணாம் மேடம். புள்ளய தனியா விட்டுட்டுப் போறோம்னு தெரிஞ்சா அந்தம்மா காலி பண்ணச் சொல்லிடும். வெளிய லாரி போய்க்கினே கீது, அதான் பூட்டிட்டுப் போறேன். நான் மட்டும் ஆசப்பட்டா பண்றேன்?” என்று அழுதாள்.

வெள்ளிக்கிழமைக்குள் நீயே வீட்டுக்காரம்மாவிடம் சொல்லு, இல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்றேன். அவளுக்கு அந்த அவகாசம் கொடுத்தது சரியா என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். நீங்களும் போடலாம், நான் பதில் சொல்லத் தயார்.

அந்த வாரத்தின் நடுவே ஒரு சாயங்காலம். வேறொரு வீட்டுக்கு வந்தவள், மனசு கேட்காமல் அங்கேயும் எட்டிப் பார்க்கப் போனேன். கதவில் பூட்டு தொங்கியது. நடையில் கால் வைத்ததுமே கேஸ் நாற்றம் மூக்கில் ஏறியது.

ஜன்னலின் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. கம்பி வழியே பார்த்தேன். அடுப்பு மேடைக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அதன் மேல் யாழினி நிற்கிறாள். பாத்திரத்திலிருந்து கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது. உஸ்ஸென்று சத்தம் எனக்கே கேட்கிறது. அவள் கையில் லைட்டர்.

என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். “மிஸ், நானே சோறு வெச்சேன். ஒரு டம்ளர் அரிசி, ரெண்டு டம்ளர் தண்ணி. அடுப்புதான் ஆஃப் ஆயிடுச்சு” என்று லைட்டரை அடுப்புப் பக்கம் நீட்டினாள்.

கத்த வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. கத்தினால் பிள்ளை திடுக்கிட்டு அதை அழுத்திவிடும். வேண்டாம், தொடாதே என்றால் ஏன் என்று கேட்டுக்கொண்டே அழுத்தும். அந்தப் பிள்ளை நான் சொன்னதை யோசிக்காமல் செய்கிற ஒரே இடம் விளையாட்டு.

“டிரைவர், பஸ் எடுக்கற நேரம் ஆயிடுச்சு. கைல எதுவும் வெச்சிக்கக் கூடாது. அத மெதுவா மேடை மேல வெச்சிட்டு எறங்குங்க” என்றேன்.

ஒரு நொடி அடுப்பைப் பார்த்தாள். லைட்டரை வைத்துவிட்டு இறங்கினாள்.

ஒரு அடி பின்னால் வரச் சொன்னேன். லெஃப்டில் திரும்பச் சொன்னேன். இரண்டு அடி முன்னால். இப்போது மறுபடி மேடைப் பக்கம் திரும்பிக் குனியச் சொன்னேன். அடுப்புக் குமிழ் பக்கம் அவளை மறுபடி விட எனக்கு மனமில்லை, மேடைக்கு அடியில் சிலிண்டர். அதன் தலையில் ஒரு வட்டத் திருகு இருக்கிறதா என்றேன். இருமிக்கொண்டே, கீது மிஸ் என்றாள்.

“கடிகார முள்ளு எந்தப் பக்கமா ஓடும்? அந்தப் பக்கமா திருப்புங்க.”

அவள் உடனே திருப்பவில்லை. விரலைத் தூக்கி, நாங்கள் தட்டில் குச்சி வைத்துச் சுற்றினோமே, அந்த மாதிரி காற்றில் ஒரு வட்டம் போட்டாள். பிறகு திருகில் கை வைத்தாள். டைட்டாக இருக்கிறது என்றாள். ரெண்டு கையாலும் என்றேன். உஸ் சத்தம் நின்றது. லைட், ஃபேன் எதையும் தொடாமல் நேராக ஜன்னல் ஸ்டாப்புக்கு வரச் சொல்லி, கம்பியில் முகத்தை வைத்து வெளிக்காற்றை இழுக்கச் சொன்னேன். கம்பிக்குள் விரலை விட்டு அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் கத்தினேன், அந்த லைன் மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி.

வீட்டுக்காரம்மா ஓடிவந்தார். கடப்பாரையால் அவரே தாழ்ப்பாளைப் பெயர்த்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கொஞ்சம் இருமல், கண்ணெரிச்சல், வேறு ஒன்றும் இல்லை. காற்றோட்டத்துக்காகக் கதவைத் திறந்து போட்டபோது உள்ளே தரையில் பார்த்தேன். இரண்டு தட்டு வைத்திருந்தாள். அப்பா ஓ.டி. இல்லாமல் வந்துவிடுவார், பசியோடு வருவார் என்று.

வீட்டுக்காரம்மா போன் போட்டதும் குமார் ஓ.டி.யைப் பாதியில் விட்டுவிட்டு யாரோ ஒருவரின் பைக்கில் வந்து இறங்கினான். பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான். “சோறு வெக்கக் கத்துக் குடுத்தது யாரு? நீங்கதான மேடம்? வெளையாட்டு வெளையாட்டுன்னு சொல்லி என் புள்ளய கொன்னுருப்பீங்க” என்றான்.

கதவைப் பூட்டியது யார் என்ற கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. எனக்கு அவ்வளவு ஆத்திரம். ஆனால் வீட்டுக்காரம்மாவின் மடியிலிருந்து யாழினி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியை நான் கேட்டால், தான் சொன்னதால்தான் அப்பாவுக்கு இந்த அவமானம் என்று அவள் நினைத்துக்கொள்வாள். விழுங்கிவிட்டேன். ஒன்று சொல்கிறேன், அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் லைட்டரும் தீப்பெட்டியும் எங்கே இருக்கின்றன என்று பார்க்காமல் நான் அரிசி அளக்கிற விளையாட்டைக் கொடுத்ததில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.

செல்வி கம்பெனியில் அழுது அனுமதி வாங்கி ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது குமார் அக்காவிடம் போனில் பேசி முடித்திருந்தான். காலையில் முதல் பஸ்ஸில் உத்திரமேரூர். செல்வி நடையில் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

“மூணு பேர எண்ணத் தெரில. அடுப்பு பத்த வெக்க மட்டும் தெரிது” என்றான் குமார், யாரிடமோ சொல்வதைப் போல.

நான் எழுந்தேன். ஒரே ஒரு விளையாட்டு, முடிந்ததும் போய்விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. என்ன விடை வரும் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளை உண்மையைத்தான் வைக்கும் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது.

“யாழினி, நாளைக்கு ராத்திரி நீ அத்த வீட்டுல இருப்ப. எத்தன தட்டுன்னு எடுத்து வை.”

உள்ளே போய் இருக்கிற தட்டையெல்லாம் எடுத்து வந்தாள். போதாததற்கு மூடிகளையும் கொண்டுவந்தாள். நடையில் வட்டமாக ஐந்து வைத்தாள். அத்தை, மாமா, இரண்டு அண்ணன், நான் என்று ஒவ்வொன்றையும் தொட்டுச் சொன்னாள். குமாரின் புருவம் உயர்ந்தது. முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அவள் மிச்சமிருந்த இரண்டு மூடிகளை எடுத்துக்கொண்டாள். ஒன்றைக் கதவோரம் வைத்தாள். இன்னொன்றை நடையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

“அது இன்னா பாப்பா?” என்றான் குமார்.

“அப்பா ஓ.டி. முடிச்சி வந்து இங்க சாப்புடும். அம்மா அப்பறமா வந்து அங்க சாப்புடும். நான் அத்த வூட்டுல.”

வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குமார், “அப்போ அன்னிக்கி ஒண்ணு வெச்சியே, அது யாரு?” என்று கேட்டான். குரல் அடங்கிவிட்டிருந்தது.

“அது நானுப்பா.”

அவன் உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான், தோள் குலுங்கியது. அப்புறம் எழுந்து அக்காவின் தட்டை எடுத்து உள்ளே வைத்தான். மாமாவின் தட்டை எடுத்து வைத்தான். பையன்களின் தட்டுகளையும் ஒவ்வொன்றாக. வட்டத்தில் யாழினியின் தட்டு மட்டும் மிஞ்சியது. கதவோரத்து மூடியையும் கோடியில் இருந்த மூடியையும் கொண்டுவந்து அதற்குப் பக்கத்தில் வைத்தான். செல்வி அப்போதுதான் சுவரை விட்டு நகர்ந்தாள்.

வீட்டுக்காரம்மா தன் வீட்டிலிருந்து சாம்பாரும் சோறும் எடுத்துவந்தார். “என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா புள்ள எங்க வூட்ல டிவி பாத்துக்கினு இருந்திருக்கும். நான் இன்னா பேயா?” என்று செல்வியைத் திட்டிக்கொண்டே பரிமாறினார். அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி அப்புறம் ரொம்ப நாள் புலம்பினார், அது வேறு விஷயம்.

மறுநாள் நாங்கள் எழுதிக் கொடுத்தோம். அதிகாரி ஒருவர் வந்து விசாரித்து, பிள்ளை மத்தியானத்திலிருந்து வீட்டுக்காரம்மாவோடு இருக்கிற ஏற்பாட்டைப் பார்த்துவிட்டுப் போனார். யாழினி உத்திரமேரூருக்குப் போகவில்லை. ஷிஃப்ட் மாறவில்லை, ஓ.டி. நிற்கவில்லை. பெரும்பாலான ராத்திரிகளில் அந்த வீட்டில் இன்னமும் இரண்டு தட்டுதான். ஆனால் குமார் வேலைக்குக் கிளம்பும் முன் தானே கேட்கிறானாம், இன்றைக்கு எத்தனை, யார் யார் என்று. அந்தப் பிள்ளை வீட்டுக்காரம்மாவையும் சேர்த்து எண்ணுகிறதாம்.

திங்கட்கிழமை முதல் வீட்டில் தட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒன்று வைத்தாலும் சரி, பத்து வைத்தாலும் சரி, அந்தத் தட்டைத் தொடாதீர்கள். அம்மாவையும் தொட விடாதீர்கள். யார் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். பையை அப்புறம் திறக்கலாம்.